பார் வைத்த சைக்கிள்

1991இல் அறிவொளி இயக்கம் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்நின்று ஊக்குவித்தார். என் மனைவி கற்கப் போனபோது, "ஊர் சிரிக்கும்" என்று தடுத்தவன் நான். அவள் கேட்கவில்லை.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்ததையே வாங்கினாள். மகளைப் பாரில் உட்காரவைத்து, கேரியரில் தண்ணீர்க் குடத்தோடு அன்னவாசல் கடைத்தெருவில் போனாள். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வருஷம் ஒருமுறை ஓவராயில் பண்ணுவது என் வேலை. பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைப்பேன். டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் மாறின, பிரேம் மாறவில்லை.

சென்னையிலிருக்கும் மகள் இப்போது டைட்டானியம் சைக்கிள் வாங்கியிருக்கிறாள். துருவே பிடிக்காதாம். மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "பேத்தியை உட்காரவைக்கப் பார் இருக்கா?"