ஒரு கிண்ணம் நிழல்

வெனிஸ் நகரத்தார் ஒரு சிறு கிண்ணம் வைனை ‘ஓம்பிரா’ என்பர். அச்சொல்லின் நேர்ப்பொருள் நிழல். முற்காலத்தில் சான் மார்க்கோ சதுக்கத்தில் வைன் விற்றோர், சரக்குச் சூடேறாதிருக்கும்பொருட்டு, மணிக்கோபுரத்தின் நிழல் நகர நகரத் தாமும் கடையை நகர்த்திச் சென்றனர் என்றும், அதனால் நிழலே மதுவுக்குப் பெயராயிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. மெய்யோ பொய்யோ, அழகான கதை. அக்கோபுரம் 1902இல் இடிந்து வீழ்ந்தது. 1912இல் முன்னைய வடிவிலேயே மீளக் கட்டி முடிக்கப்பெற்றது. ஆகவே இன்று அங்கு விழும் நிழலும் பழைய நிழலின் படியே எனலாம்.

இக்கதையைக் கூறியவர் எமது வழிகாட்டி. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆய்வரங்கொன்றின் பொருட்டு அங்கு சென்றிருந்த நான், உடன்வந்த நண்பர்களின் வற்புறுத்தலால், மாலையில் மதுச்சாலைகளைக் கால்நடையாகச் சுற்றிக்காட்டும் குழுவொன்றிற் பணங்கட்டிச் சேர்ந்திருந்தேன். நாம் பன்னிருவர். அவருள் மது அருந்தியறியாதவன் நான் ஒருவனே.

எமது ஊரிலே தவறணை என்பது வேலியோரமாக மறைந்து செல்லும் இடம். பாடசாலைக்குப் போகும் வழியில் அதனைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தார். உள்ளே பிளாவை ஏந்திக் குந்தியிருந்தோர் யாவரும் எமது அயலவர். அவருள் என் பெரியப்பாவும் ஒருவர். அதனை அறிந்தும் அறியாதவனாகவே பல ஆண்டுகள் கடந்து சென்றேன். ‘தவறணை’ என்ற சொல்லோ ஐரோப்பியர் வழியாக எம்மிடம் வந்தது. அதன் மூலம் ‘தபேர்னா’ என்னும் இலத்தீன் சொல். அச்சொல் பிறந்த நாட்டிலேதான் நான் முதன்முதலாகத் தலைகுனியாது ஒரு மதுச்சாலையினுள் நுழைந்தேன்.

எமது நடை றியால்ற்றோச் சந்தையருகே தொடங்கியது. அங்குள்ள சிறிய சான் ஜாக்கமோ தேவாலயத்தின் பின்சுவரிலே, வணிகர் நிறையிற் பிழை செய்யாது நேர்மையாக நடக்க வேண்டும் எனக் கூறும் பழைய இலத்தீன் கல்வெட்டொன்று உண்டு. மீன்சந்தையிலோ, இன்ன மீன் இன்ன நீளத்துக்குக் குறையின் விற்றலாகாது எனச் சலவைக்கல்லிற் பொறித்து வைத்திருக்கின்றனர். கீழைநாட்டு மிளகு கைமாறிய இடமும் இதுவே. போர்த்துக்கேயர் கடல்வழியாக இந்தியாவிலிருந்து வாசனைச் சரக்கை ஏற்றித் திரும்பினர் என்னும் செய்தி 1501இல் இங்கு எட்டியபோது, ஜிரோலமோ பிரியூலி என்ற வங்கியாளர் தம் நாட்குறிப்பிலே நகரின் அழிவை அஞ்சி எழுதினார். அவர் அஞ்சிய அக்கப்பல்கள் 1505இல் எமது கரையையும் அடைந்தன.

நாம் முதலிற் புகுந்த கடை 1462 முதல் உள்ளது எனச் சொல்லப்படும் ‘தோ மோரி’. ஒடுங்கிய நீண்ட அறை, இரு தெருக்களுக்கும் இரு வாயில்கள், கூரையிலே தொங்கும் செப்புப் பாத்திரங்கள், இருக்கைகள் இல்லை. இருக்கை இன்மையே இவ்வழக்கத்தின் உயிர் என்றார் வழிகாட்டி. அமர்ந்தால் நேரம் போகும், குடி மிகும். நின்றால் ஒரு கிண்ணம், ஒரு கவளம், இரண்டு சொல், அப்பால் அடுத்த கடை. ஒரு மாலையில் நாலைந்து கடைகளிலே அயலவர் ஒருவரையொருவர் கண்டுகொள்வர்.

அக்கவளத்துக்குச் ‘சிக்கெற்றி’ என்று பெயர். வெங்காயமும் வினாகிரியும் உலர்ந்த திராட்சையும் சேர்ந்த மத்தி மீன் ஒருவகை. எனக்கு அது பழக்கமான சுவையாகவே இருந்தது. என்னை வியக்கவைத்தது வேறொன்று. காற்றில் உலர்த்திய நோர்வே மீனை ஊறவைத்து, அவித்து, எண்ணெய் விட்டு அடித்து, வெண்ணெய்போலாக்கிப் பாண் துண்டிலே தடவித் தந்தனர். கருவாட்டை அறிந்த நாவுக்கு அந்த மென்மை நம்புதற்கரியது! 1431இல் கிறீற் தீவிலிருந்து மல்வசியா வைன் ஏற்றிப் பிளான்டர்ஸ் நோக்கிப் புறப்பட்ட பியெத்ரோ குவெரினி என்ற பிரபுவின் கப்பல் புயலில் அழிந்தது. அவரும் எஞ்சிய சிலரும் மறு ஆண்டின் தொடக்கத்தில் நோர்வேயின் வடபாலுள்ள தீவொன்றில் ஒதுங்கினர். அங்குள்ள மீனவர் இவர்களைத் தம் வீடுகளில் வைத்துப் பேணினர். அவர்களது உலர்மீனைப் பற்றிக் குவெரினி எழுதிவைத்தார்; அதனை வெனிசுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே என்பது மரபு. வைனுடன் போனவர் மீனுடன் வந்தார் என்று சொல்லி வழிகாட்டி கிண்ணத்தை உயர்த்தினார். நானும் ஒரு மிடறு அருந்தினேன். புளித்தது.

மூன்றாவது கடை மிகச் சிறியது. நாம் பன்னிருவரும் நுழைந்ததும் அது நிறைந்துவிட்டது. அவ்வேளை தொப்பியணிந்த முதியவர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். கடைக்காரர் அவரைக் கண்டதும் கேளாமலே ஒரு கிண்ணத்தில் வார்த்து மேசையின் ஓர் ஓரத்தில் வைத்தார். அந்த ஓரத்திலே நான் சாய்ந்து நின்றேன். விலக முயன்றேன், என் பின்னால் நின்றவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதியவர் சிறிது பொறுத்தார், கையை அசைத்தார், போய்விட்டார். கிண்ணம் அங்கேயே இருந்தது.

பின்னர் பாலத்தைக் கடந்து சான் பார்த்தொலொமேயோ சதுக்கத்துக்கு வந்தோம். அங்கே மருந்தகமொன்றின் சாளரத்தில் 2008 முதல் ஓர் எண்பலகை வைத்திருக்கின்றனர். பழைய நகரிலே குடியிருப்போரின் தொகையை அது காட்டும். 1951இல் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்த அந்நகரில் 2022இல் அத்தொகை 50,000இற்குக் கீழே இறங்கியது. வீடுகள் பயணிகளின் விடுதிகளாயின; வாடகை ஏறிற்று. “இதில் நீங்களும் ஒருவரா?” என்று வழிகாட்டியைக் கேட்டேன்.

“இல்லை. நான் மெஸ்த்ரேயில் இருக்கிறேன். புகையிரதத்தில் பத்து நிமிடம்.”

சற்று நேரம் கழித்து அந்த முதியவரைப் பற்றிக் கேட்டேன். அவர் தம் தந்தையாரின் நண்பர் என்றும், தமக்கு முதல் ஓம்பிராவை வாங்கித் தந்தவர் அவரே என்றும் சொன்னார். முதியவர் வாயிலில் நின்ற வேளையில் இவர் ஏன் அழைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அப்பொழுது இவர் தலையைக் குனிந்து சில்லறையை எண்ணிக்கொண்டிருந்ததை நான் கண்டிருந்தேன். இப்பொழுது அவர் எம் பன்னிருவரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, நாலாவது கடையை நோக்கி நடந்தார்.