ராணி இருக்கிறாளா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எங்கள் வகுப்பில் ஒருவன் சூரிய மின்சாரம் பற்றி எழுதினான். இன்னொருவன் ரோபோ பற்றி எழுதினான். எனக்குத் தெரிந்தது தேனீ. "எலக்ட்ரிக்கல் படிக்கிறவனுக்கு ஈயோடு என்னடா வேலை?" என்று ஹாஸ்டலில் கேலி செய்தார்கள். நம்ம லேபில் செய்யும் அதே வேலைதான் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் குடும்பத்தில் படித்தவன் என்று சொன்னால் அது நான் ஒருவன்தான்.

தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும். அப்போது வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். ஆனால் அதே நேரத்தில் தேன் வரும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது உங்களில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். தளிர் இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகளும் சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. அங்கே ஊறும் இனிப்பைத்தான் ஈ எடுக்கிறது. எங்கள் பக்கம் பால்வெட்டும் தேன்பெட்டியும் ஒரே வீட்டில் இருப்பதற்குக் காரணம் இதுதான். பால் நிற்கிற மாதத்தில் தேன் சோறு போடும்.

மார்த்தாண்டம் வட்டாரத்தில் 1920-களிலேயே ஒய்.எம்.சி.ஏ. மூலம் பெட்டித்தேனீ வளர்ப்பு பரவியது. 1991-92-இல் 'தாய் சாக் புரூட்' என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெட்டிகளைக் காலி செய்தது. புழுக்கள் பை போலத் தண்ணீர் கோத்துச் செத்தன. என் தாத்தா வைத்திருந்த நாற்பது பெட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்புறம் காட்டில் பிடித்த கூட்டங்களை வைத்து அப்பா மறுபடி தொடங்கினார். இன்று எங்களிடம் பதினொரு பெட்டி இருக்கிறது. இந்தக் கதை பன்னிரண்டாவது பெட்டியைப் பற்றியது.

இந்த வருஷம் பொங்கல் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் அயனி மரக் கிளையில் ஒரு கூட்டம் வந்து தொங்கியது. பெரிய தேங்காய் அளவு இருக்கும். அப்பா வீட்டில் இல்லை. நானே ஏணி வைத்து ஏறி, துணிப்பையைக் கீழே பிடித்து, கிளையை ஒரு உலுக்கு உலுக்கினேன். கையில் நாலு கொட்டு. நியூட்டன் பெட்டியில் கொட்டி, பழைய அடைச் சட்டம் ஒன்று கொடுத்து, சர்க்கரைப் பாகும் வைத்தேன். நான் தனியாகப் பிடித்த முதல் கூட்டம் அது. அந்தத் தேனை விற்று செமஸ்டர் ஃபீஸ் கட்டலாம் என்று மனசுக்குள் கணக்கே போட்டுவிட்டேன்.

போன வருஷம் அப்பா பிடித்த கூட்டம் ஒன்று மூன்றாம் நாளே ஓடிப் போயிருந்தது. அதனால் வாசலில் குயின் கேட் போட்டேன். அது சிறு இடைவெளிகள் உள்ள தகடு. வேலைக்கார ஈ நுழைந்து போகும், உடம்பு பெருத்த ராணியால் போக முடியாது. ராணி போகாவிட்டால் கூட்டமும் போகாது.

சாயந்திரம் அப்பா வந்து பெட்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கூட்டம் சின்னதாக்கும் மக்களே. பழைய ராணியா, குமரியா?"

இணை சேராத ராணியை அப்பா குமரி என்பார். நான், "எதுவா இருந்தா என்னப்பா, ராணி ராணிதானே" என்றேன். அவர் கேட்டில் கை வைத்தார். "எடுக்காதீங்க. ஒரு வாரம் இருக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். "படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். பத்தாம் நாள், சனிக்கிழமை, வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். புது அடை வெள்ளையாக இறங்கியிருந்தது. சட்டத்தைச் சூரியனுக்குச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். ஒரு முட்டை இல்லை. ராணியையும் காணோம்.

"ராணி இல்லப்பா. செத்துப்போச்சு. கூட்டத்தை ஆறாம் பெட்டியோட சேத்துரலாம்" என்றேன். இரண்டு கூட்டங்களைச் சேர்க்கும்போது நடுவில் செய்தித்தாள் வைப்பது வழக்கம். ஈக்கள் தாளைக் கடித்து ஓட்டை போடுவதற்குள் இரண்டின் வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது. அப்பா மறுபேச்சில்லாமல் கடைக்குப் போய் ஒரு பேப்பர் வாங்கி வந்தார். அதை விரித்து என்னிடம் நீட்டி, "இதுல எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டார்.

நண்பர்களே, அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான். ஆனால் முப்பது வருஷமாக ஈயோடு பழகிய மனிதர், நான் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காகக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். நான் சொன்னது தப்பாக இருந்தால்? உள்ளே ராணி இருந்தால், சேர்த்ததும் இரண்டு ராணிகளும் மோதும். ஆறாம் பெட்டியின் நல்ல ராணியே சாகலாம். ஒரு பெட்டி இல்லை, இரண்டு பெட்டி போகும்.

"நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். பொங்கலன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஈக்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போம்" என்றார்.

ஈயிடம் கேட்பது எப்படி? மூன்றாம் பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து, ஈக்களை உதறிவிட்டு, அடையாளத்துக்குக் கட்டையில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, இந்தப் பெட்டிக்குள் வைத்தோம். ராணியின் உடம்பிலிருந்து வரும் ஒரு வாசனைப் பொருள் கூட்டம் முழுக்கப் பரவிக்கொண்டே இருக்கும். அது நின்றால் சில மணி நேரத்திலேயே ஈக்களுக்குத் தெரிந்துவிடும். உடனே கிடைத்த இளம்புழுவைச் சுற்றி நிலக்கடலை போல ராணி அறை கட்டத் தொடங்கும். கட்டினால் ராணி இல்லை. கட்டாவிட்டால், நம் கண்ணில் படாவிட்டாலும், ராணி இருக்கிறாள்.

இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை லீவு போட்டேன். (அட்டெண்டன்ஸ் குறைந்ததற்குக் காரணம் இதுதான் என்று எங்கள் சாரிடம் இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.) காலையில் திறந்தோம். கீறல் போட்ட சட்டத்தில் ஒரு ராணி அறைகூட இல்லை. புழுவுக்கெல்லாம் ஒழுங்காகத் தீனி கொடுத்திருந்தது. ராணி இருக்கிறாள்!

அப்படியானால் முட்டை ஏன் இல்லை? மோட்டார் ஓடவில்லை என்றதும் ஒயிண்டிங் எரிந்துவிட்டது என்று நாம் சொல்வோம். லேபில் சார் கேட்கும் முதல் கேள்வி, "சப்ளை வருதான்னு பாத்தியா?" அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. பெட்டியை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தேன். நான் போட்ட குயின் கேட் அப்படியே இருந்தது! ஒரு வாரம் என்று சொன்னவன் பன்னிரண்டு நாளாக எடுக்கவில்லை. அப்பாவும், நான் சொன்னேன் என்பதற்காகத் தொடவில்லை.

ஒரு குடும்பம் பிரியும்போது முதலில் போகும் பெரிய கூட்டத்தோடு பழைய ராணி போகும். அது ஏற்கெனவே இணை சேர்ந்தது. அடை கிடைத்தால் சில நாளில் முட்டையிடும். அதற்குப் பின் பிரிகிற சிறு கூட்டங்களோடு போவது புதிதாகப் பிறந்த குமரி ராணி. அது பிற்பகலில் வெளியே பறந்து, ஆகாயத்தில் ஆண் ஈக்களோடு இணை சேர்ந்து திரும்பினால்தான் சரியான முட்டையிடும். என் கூட்டம் தேங்காய் அளவு. அப்பா அன்றைக்கே "சின்னது" என்றார். வெளியே போக வேண்டிய ராணியை நானே பூட்டி வைத்துவிட்டு, முட்டை இல்லை என்று அவளையே குறை சொல்லியிருக்கிறேன்.

அப்பா கேட்டைக் கழற்றினார். "இனி பெட்டியை நகத்தக்கூடாது, மத்தியானத்துக்கு மேல தெறக்கக்கூடாது. போனவ வீடு தெரியாம நின்னுருவா" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போகவில்லை. போனால் கை சும்மா இருக்காது, திறந்துவிடும். தினமும் ராத்திரி அப்பாவிடம் போனில் பேசினேன். "காலுல மஞ்சப்பொடி கொண்டு போகுது" என்றார் ஒருநாள். மகரந்தம் நிறையப் போவது நல்ல அறிகுறி. கேட்டை எடுத்த பத்தாம் நாள், "ராணி முட்டை வச்சிருப்பா போலத் தோணுது. எனக்குக் கிட்டப்பார்வை தெளிவா இல்ல மக்களே, நீ வந்து பாரு" என்றார்.

சனிக்கிழமை போனேன். அப்பா சட்டத்தைத் தூக்கிப் பிடித்தார், நான் பார்த்தேன். அறையின் அடியில், நடுவில், நூல் துண்டு போல ஒரு முட்டை நிமிர்ந்து நின்றது. பக்கத்து அறையிலும் ஒன்று. அதற்குப் பக்கத்திலும் ஒன்று.

"இருக்கா?"

"இருக்குப்பா. ஒரு அறைக்கு ஒண்ணு."

ஆனாலும் சோதனை முடியவில்லை. இணை சேராத முட்டையிலிருந்து ஆண் ஈ மட்டுமே பிறக்கும் என்பதை ஜான் ஜியர்சோன் என்ற பாதிரியார் 1845-லேயே எடுத்துச் சொன்னார். ராணி காலம் கடந்து பறந்திருந்தால் எல்லாம் ஆண் ஈயாகப் போகும். முட்டை மூன்று நாள், புழு ஏறக்குறைய ஐந்து நாள், பிறகுதான் அறைக்கு மூடி. அந்த மூடியைப் பார்த்தால்தான் தெரியும். இன்னொரு வாரம் போனது. மூடி சமமாக, தட்டையாக இருந்தது. வேலைக்கார ஈக்கள்! அம்மா சர்க்கரை போட்டுக் கட்டன் சாயா கொடுத்தாள்.

தேனீ வளர்க்கும் வீட்டிலிருந்து வருகிற நண்பர்களுக்காக, நான் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. பெரிய கூட்டம், ஒரு வாரத்தில் முட்டை: பழைய ராணி. கவலை வேண்டாம்.

2. சிறிய கூட்டம், முட்டை இல்லை, பெட்டி அமைதி: பெரும்பாலும் குமரி ராணி. கேட் போடாதீர்கள். இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள்.

3. முட்டை இல்லை, ஈக்கள் நிலைகொள்ளாமல் இரைகின்றன: ராணி இல்லாமல் இருக்கலாம். முட்டைச் சட்டம் கொடுத்துக் கேளுங்கள்.

4. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு: ராணி இல்லாமல் வேலைக்கார ஈயே முட்டையிடுகிறது. நம் நாட்டு ஈயில் இது சீக்கிரமே வந்துவிடும்.

5. முட்டை ஒழுங்காக ஒன்று, ஆனால் வேலைக்கார அறையில் மூடி மட்டும் மேடாக, நடுவில் ஊசித்துளையோடு: அது ஆண் ஈயின் மூடி. ராணி சரியாக இணை சேரவில்லை. மாற்ற வேண்டும்.

இதில் 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் நான் அவசரப்பட்டேன். இரண்டிலும் முட்டை இருக்காது. முட்டை இல்லை என்பது அறிகுறிதானே தவிர, காரணம் இல்லை.

அந்தப் பெட்டியில் இந்த வருஷம் ஒரு துளி தேன் எடுக்கவில்லை. ரப்பர் தளிர்த்த நேரத்தில் அது குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தது. செமஸ்டர் ஃபீஸை அப்பா வழக்கம்போல் கடன் வாங்கித்தான் கட்டினார். என் கேட் வைத்த செலவு அது.

நம்மில் பாதிப்பேர் வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள். நாம் வாய் திறந்தால் வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். ரேஷன் கார்டா, பேங்க் பாஸ்புக்கா, பம்ப் செட்டா, நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதாலேயே நாம் சொல்வது சரியாகிவிடாது. தீர்ப்புச் சொல்லும் முன் முட்டைச் சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். வாசலில் நாம் போட்ட தகடு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டாம் பெட்டியில் இப்போது ஆறு சட்டம் நிறைய ஈ. அப்பா வாங்கின அந்தப் பேப்பர் மட்டும் பிரிக்காத மடிப்போடு பெட்டி மூடிக்குக் கீழே இருக்கிறது. எடுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும் மக்களே, அடுத்த தடவை ஆகும்" என்றார்.

— மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை