நீலகிரியிற் குடியேறிய பூமரங்கள்

பங்குனி வெயில் கோவையை வாட்டுங்கால் மேட்டுப்பாளையங் கடந்து மலையேறுவார்க்குக் குன்னூரில் முதற்கண் எதிர்ப்படுவது குளிரன்று, நிறமே. ஜகரந்தா மரங்கள் இலையுதிர்த்துக் கிளை முழுதும் ஊதாப் பூவாய் நிற்கும். தென்னமெரிக்காவிற் பிறந்த மரம் கொங்கு நாட்டின் தலைமாட்டில் இத்துணை உரிமையோடு நிற்றல் எமக்கு என்றும் வியப்பே.

இவ்விருந்தினர்க்கு வழி திறந்தவர் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் துரை. அவர் 1819-இல் மலையேறிப் பின்னர் உதகையில் மனையுங் கட்டினார். 1848-இல் மக்கைவர் என்னுந் தோட்டக்கலை வல்லுநர் வந்து அரசினர் தாவரவியற் பூங்காவை உருவாக்கலானார். குன்னூர்ச் சிம்ஸ் பூங்கா 1874-இல் எழுந்தது.

எம் பெரியம்மாவின் தோட்டம் குன்னூரையடுத்துளது. விடுமுறைதோறும் அங்கு மண் கிளறிப் பழகினேம். அயல்மரம் வளர்ப்பார்க்குப் பகை குளிரன்று, உறைபனியே. மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவிலே கனத்த குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆதலின் இளஞ்செடியைப் பள்ளத்தில் நடலாகாது; சரிவின் நடுவே நடல் வேண்டும். மாலையிற் பெரணித் தழையாற் கூரையிட்டுக் காலையில் நீக்குவேம். மூன்று நான்கு பனிக்காலங் கடந்த மரத்திற்கு இவ்வுபசாரம் வேண்டுவதின்று.

எல்லா விருந்தினரும் ஒரு தன்மையரல்லர். ஆஸ்திரேலியாவினின்று வந்த சீகை மரமும் மஞ்சட் பூங்கொத்தால் மலையை அழகு செய்வதே. தோல் பதனிடப் பட்டை வேண்டி, வனத்துறையினர் அதனைப் புல்மலைகளிற் பரப்பினர். மரமில்லா மலை வெறுமலை என்பது அக்காலத்தார் எண்ணம். புல்லோ மழைநீரை மண்ணில் இறக்கிச் சிறிது சிறிதாய் ஓடைக்கு விடுவது. பவானிக்கும் அவ்வோடைகளே தாய். மேல்பவானிப் பக்கத்தில் அப்புல்வெளி பெரிதுஞ் சீகைக் காடாயிற்று. இது கோபியின் நெல்வயலுக்கும் உரிய வழக்கென்று யாம் கருதுகின்றோம்.

“பூக்கிறதே பெரியம்மா, வேலியோரத்துச் சீகையை வெட்ட வேண்டுமா?” என்றேம்.

“ஜகரந்தா நட்ட இடத்தில் நிற்குங் கண்ணு. இது நிற்குமா? நீயே பார்,” என்றார்.

மரம் வீழ்ந்தது. அதன் கடின ஓட்டு விதைகளோ மண்ணில் பல்லாண்டு உறங்க வல்லன. சருகெரித்த சூடு அவற்றை எழுப்பும். அடுத்த மழையில் வேலியோரம் முழுதும் பசுநாற்று. இரு நாள் குனிந்து வேரொடு பறித்தேம். ஐப்பசியில் மீண்டும் முளைத்தன. மீண்டும் பறிக்கச் சென்றேம்.