ட்ரேயை எடுக்கும் முன்

ஓசூர் சிப்காட் ஆலைகளில் ஷிஃப்ட் தொடங்கும் முன் லைனில் ஐந்து நிமிட மீட்டிங் நடக்கும். சூளகிரி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் நின்றபடியே கேட்பார்கள். பக்கத்தில் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருக்கும். பேச்சுப் பழக இதைவிடக் கறாரான இடம் எனக்குத் தெரியாது. விஷயம் இல்லையென்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே பார்வை கையுறைக்குப் போய்விடும்.

லைனில் வரும் மாற்றங்களை எடுத்துச் சொல்வது என் வேலை. இதில் நான் உறுதியாகப் பிடித்திருப்பது ஒன்றுதான்: கேட்பவருக்கு என்ன கைவிட்டுப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். லாபக் கணக்கு பிறகு.

ஒரு அசெம்ப்ளி லைனில் ட்ரேயை எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் முடித்த பீஸ்களை ட்ரேயில் சேர்த்து, நிறைந்ததும் அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். ஒரு தவறு கண்ணில் படுவதற்குள் ட்ரே முழுக்க ரிஜெக்ஷன் ஆகிவிடும். ஒவ்வொரு பீஸாகக் கைமாற்றினால் தவறு அங்கேயே பிடிபடும். இன்ஜினியருக்கு இந்தக் காரணம் போதும். ஆபரேட்டருக்கோ அந்த ட்ரேதான் ஓய்வு. பத்து பீஸ் முன்கூட்டிச் சேர்த்துவிட்டால் டீக்கோ பாத்ரூமுக்கோ போய்வரலாம். இனி ஒருவர் எழுந்தால் லைனே நின்றுவிடும். பெண்கள் அதிகமுள்ள லைனில் இந்தக் கவலையை ஆண் சூப்பர்வைசர் முன் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "சரி சார்" என்பார்கள். ஒரு வாரத்தில் பெஞ்சுக்கு அடியில் ட்ரே திரும்ப வந்திருக்கும்.

அதனால் பேசப்போகும் முன் மேனேஜரிடம் ரிலீவர் ஒருவரைக் கேட்டு வாங்கினேன். பிறகு ட்ரேயைக் கையில் தூக்கிக்கொண்டு சொன்னேன்: "அக்கா, அண்ணா, நாளையிலிருந்து இது இருக்காது. இதை நம்பித்தான் நடுவுல எழுந்து போயிட்டு வந்தீங்க, எனக்குத் தெரியும். இனிமே கை தூக்கினா ரிலீவர் வந்து நிப்பாங்க. யாரும் காரணம் கேக்கமாட்டாங்க." அதன் பிறகு ரிஜெக்ஷன் பற்றிச் சொன்னதை நிமிர்ந்து நின்று கேட்டார்கள். அந்த ரிலீவர் கையில் இல்லாமல் எவ்வளவு அழகாகப் பேசியிருந்தாலும் அது வெறும் குரல்தான்.

ஓசூர் எல்லை ஊர். ஒரே லைனில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களிடம் இந்தி. எல்லாவற்றையும் எல்லா மொழியிலும் சொல்ல நேரம் இராது. பழுதான பீஸைக் கைக்குக் கை சுற்றவிடுவேன். ரிலீவரை அழைக்கும் முறையை மட்டும் நான்கு மொழியிலும் சொல்லவைப்பேன்.

2002-இல் இங்கே ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார், தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியபோது இந்த ஊரே பெருமைப்பட்டது. அந்த ஜப்பானியத் தர மரபில் எனக்கு மிகவும் பிடித்தது, 1962 வாக்கில் தர நிபுணர் இஷிகாவா முன்னெடுத்த குவாலிட்டி சர்க்கிள். மெஷினில் நிற்பவரே சிக்கலைக் கண்டுபிடித்து, அவரே எழுந்து விளக்குவார். மைக்கைக் கண்டு பின்வாங்கும் டிரெய்னிப் பெண்ணிடம் பேசச் சொல்லிக் கேட்கமாட்டேன். அவள் பயன்படுத்தும் ஃபிக்சரைக் காட்டி, எங்கே இடிக்கிறது என்று கேட்பேன். கை முதலில் காட்டும். சொல் பின்னாலேயே வந்துவிடும்.

மீட்டிங்கில் பதில் சொல்ல முடியாத கேள்விகளைப் போர்டில் எழுதிவைக்கிறோம், பதில் தரவேண்டிய தேதியோடு. மறுநாள் பேச்சு அந்தப் போர்டிலிருந்துதான் தொடங்கும்.