ஒரு மதிப்பெண்

பங்குகளில் போட்டி என்று ஒன்று வைத்தால், நடுவர் பொறுப்பு பெரும்பாலும் குருக்களையே வந்து சேரும். நாமும் பலமுறை அப்பொறுப்பை ஏற்றுள்ளோம். அதில் நாம் இழைத்த தவறொன்றைத் தொலைவிலுள்ள ஒரு நாட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

2005ஆம் ஆண்டு மேற்படிப்பின் பொருட்டு ஐரோப்பாவில் தங்கியிருந்தோம். அக்டோபர் விடுமுறையில், டென்மார்க்கில் குடியேறி வாழும் ஈழத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று நம்மை விருந்தினராய் அழைத்திருந்தது. 22ஆம் நாள், சனிக்கிழமை. செபமாலை சொல்லி இரவு உணவும் முடிந்தபின் வீட்டார் தொலைக்காட்சியைப் போட்டனர். எக்காளங்கள் முழங்கும் இசையொன்று எழுந்தது. நாம் நிமிர்ந்து அமர்ந்தோம். திருச்சபையின் நன்றிப் பாடலாகிய 'தே தேயும்' பாடலுக்கு, 17ஆம் நூற்றாண்டில் ஷார்ப்பான்தியே எனும் பிரெஞ்சு இசைமேதை அமைத்த முன்னிசை அன்றோ அது! "இதுதான் யூரோவிஷன்ர இசை, சுவாமி" என்றாள் அவ்வீட்டுச் சிறுமி. அது எங்கிருந்து வந்தது என்று நாம் சொல்ல, அவள் வியந்தாள். அன்று நடப்பது என்ன என்று அவள் சொல்ல, நாம் வியந்தோம்.

யூரோவிஷன் பாட்டுப் போட்டியை நடத்துவது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம். 1956ஆம் ஆண்டு மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் அது முதன்முறையாக நடைபெற்றது. ஏழு நாடுகள் நாட்டுக்கு இரண்டாகப் பதினான்கு பாடல்களைப் பாடின. சுவிட்சர்லாந்தின் லீஸ் அசியா வென்றார். அன்றைய நிகழ்ச்சி முழுவதற்கும் ஒளிப்பதிவு இன்று இல்லை. ஒலிப்பதிவும், வென்ற பாடலை மறுமுறை பாடிய காட்சியுமே எஞ்சியுள்ளன. நடுவர்கள் அளித்த மதிப்பெண்களும் வெளியிடப்படவில்லை. ஆகவே அன்று இரண்டாமிடம் பெற்றவர் யார் என்பதை உலகம் அறியாது.

அப்போட்டியின் ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடும் விழாவே கோபன்ஹேகன் நகர மண்டபமொன்றிலிருந்து அன்றிரவு ஒளிபரப்பாயிற்று. ஐம்பது ஆண்டுப் பாடல்களுள் பதினான்கைத் தெரிந்தெடுத்து, அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும்படி மக்களைக் கேட்டிருந்தனர். பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளும் மேடைக் காட்சிகளும் மாறி மாறி வந்தன. அப்பதினான்கும் முதற்பரிசு பெற்றவையாகத்தான் இருக்கும் என எண்ணினோம். இல்லை, அவற்றுள் மூன்று, தத்தம் ஆண்டில் தோற்றுப்போனவை!

அவற்றுள் ஒன்று, 1968இல் பிரிட்டனுக்காகக் கிளிஃப் ரிச்சர்ட் பாடிய 'கங்கிராஜுலேஷன்ஸ்'. அதற்குக் கிடைத்தவை 28 மதிப்பெண்கள். ஸ்பெயின் நாட்டு மாசியெல் 29 பெற்று வென்றார். ஒரே மதிப்பெண்தான் வேறுபாடு! ஆயினும் ஐம்பதாண்டு விழாவுக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்பதே. "தோத்த பாட்டின்ர பேரைத்தானே விழாவுக்கே வைச்சிருக்கினம், சுவாமி!" என்று சிரித்தாள் சிறுமி.

மற்றொன்று, 1958இல் இத்தாலியின் தொமெனிக்கோ மொதுஞ்ஞோ பாடியது. 'வொலாரே' என்று உலகம் அறிந்த பாடல். நெதர்லாந்தின் ஹில்வர்சமில் அவர் முதலாவதாகப் பாடியபோது ஒளிபரப்புக் கோளாற்றால் சில நாடுகளுக்கு அது சரியாகச் சென்று சேரவில்லை. இறுதியில் மீண்டும் ஒருமுறை பாட வேண்டியதாயிற்று. பத்துப் பாடல்களுள் அதற்குக் கிடைத்தது மூன்றாம் இடமே. அதே பாடல் மறு ஆண்டு அமெரிக்காவின் முதலாவது கிராமி விருது விழாவில் இரு பெரும் விருதுகளைப் பெற்றது. நாம் பார்த்துக்கொண்டிருந்த விழாவில் சுவீடனின் ஆபா குழுவினர் 1974இல் பாடி வென்ற 'வாட்டர்லூ' முதலிடம் பெற, மூன்றாமிடத்துப் பாடலாகிய 'வொலாரே' அதற்கடுத்த இடத்தைப் பெற்றது.

வீட்டார் கைதட்டினர். நமக்கோ கை எழவில்லை. நம் மனக்கண்முன் வேறொரு மேடை நின்றது.

2001ஆம் ஆண்டு, கடற்கரைப் பங்கொன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். பாதுகாவலர் திருவிழாவையொட்டிப் பாட்டுப் போட்டி நடந்தது. நடுவர் மூவருள் நாமும் ஒருவர். மீனவர் குடும்பத்துச் சிறுமியொருத்தி, பதினான்கு வயதிருக்கும், கணீரென்று பாடினாள். இடையில் சுருதி சற்றே இறங்கிற்று. நாம் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தோம். அந்த ஒன்றால் அவள் இரண்டாமிடம் பெற்றாள். முதற்பரிசு பெற்றவளைக் கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலியில் பாட அழைத்தோம். இவளை அழைக்கவில்லை. சில வாரங்களில் பாடகர் குழுவில் இவளுடைய இடம் காலியாயிற்று. ஏன் வரவில்லை என்று ஆள் அனுப்பியும் கேட்டோமில்லை.

2007இல் தாயகம் திரும்பியதும் அவ்வூருக்குச் சென்றோம். அவள் மணமாகி, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். "அன்று மதிப்பெண்ணைக் குறைத்தது நான்தானம்மா" என்றோம்.

"மார்க்கு போனா போவுது சாமி. சுருதி இறங்குனது எனக்கே தெரியும். மேடையவிட்டு இறங்குன பிறகு, நல்லாப் பாடுனேன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலியே, அதான்..." என்றவள் சொல்லை முடிக்கவில்லை. மீண்டும் பாடகர் குழுவில் சேரலாமே என்றோம். "இனிமே எங்க சாமி!" என்று சிரித்துவிட்டு, குழந்தையின் நெற்றியில் சிலுவை வரையச் சொன்னாள்.

மதிப்பெண் இட்டதில் நாம் தவறவில்லை. அதன்பின் வாய்மூடி இருந்ததே நம் தவறு. கட்டுவோர் விலக்கிய கல்லே மூலைக்கல் ஆயிற்று என்று மறையுரையில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். கண்ணெதிரே நின்ற கல்லை நாமே விலக்கினோம். தோற்ற பாடலைத் தேடியெடுத்துச் சிறப்பிக்க யூரோவிஷனுக்கு ஐம்பது ஆண்டுகள் இருந்தன. பதினான்கு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க இயலுமா?

அன்று தொட்டு ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறோம். எப்போட்டியானாலும், பரிசளிப்பு முடிந்ததும் பரிசு பெறாதோரிடம் சென்று, அவர்கள் செய்ததில் நன்றாயிருந்தது எது என்று கூறிய பின்னரே மேடையருகை விட்டு அகல்வோம். அடுத்த ஞாயிறு பதிலுரைப் பாடலைப் பாடும் பொறுப்பு இரண்டாமிடம் பெற்றவருக்கே. பெற்றோர்களே, தேர்வு முடிவோடு உங்கள் பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது, எண்ணை நீங்கள் மாற்ற இயலாது. எண்ணைப் பார்த்த பின் சொல்லும் முதல் வார்த்தையோ உங்கள் கையில் இருக்கிறது.