நகராத அலமாரியும் ஒரு பி மெமோவும்

பொட்டி தட்டுறவனுக்கும் இரும்பு அலமாரிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. பழைய ஆவணங்களை ஸ்கேன் பண்ணி ஏத்துற மென்பொருள் ஒண்ணை நிறுவ, டேமேஜர் என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பி வெச்சார். "மூணு நாள் ஆணிதான், போளூர்லேருந்து பஸ் இருக்கு, போயிட்டு வா." மலை மேல ஒரு அலுவலகம். பேர் வேணாம், எல்லா ஊர்லயும் இருக்குற மாதிரிதான். மென்பொருள் அரை மணி நேரத்துல ஓடிடுச்சு. ஸ்கேன் பண்ணக் காகிதம்தான் வரலை. காகிதமெல்லாம் காம்பாக்டருக்குள்ள, காம்பாக்டர் ஜாம்.

காம்பாக்டர் பாக்காதவங்களுக்கு: தரையில தண்டவாளம், அதுமேல சக்கரம் வெச்ச அலமாரிகள், நடுவுல ஒரே ஒரு ஆள் நுழையற சந்து. பக்கவாட்டுல இருக்கிற சக்கரப் பிடியைச் சுத்தினா அலமாரி நகர்ந்து, சந்து நமக்கு வேண்டிய இடத்துக்கு வரும். ஒவ்வொரு வரிசைக்கும் நடைபாதை விட வேண்டாம்கிறதால, அதே அறையில ஏறக்குறைய ரெண்டு மடங்கு கோப்பு அடங்கும். புது ஐடியா இல்ல. 1880கள்லயே லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துல ரிச்சர்ட் கார்னெட் மேலேருந்து தொங்கி நகர்ற அலமாரிகளைக் கொண்டு வந்தார். காரணம் அன்னிக்கும் இதேதான், இடம் பத்தலை.

இங்க அஞ்சு அலமாரி. ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னுடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கோப்புகளை ரெண்டு மழைக்காலமா யாரும் தொடலையாம். மாவட்டம் பிரிச்சப்ப வந்த கட்டுகளும் அதுக்குள்ளதான்னாங்க. 1989ல வட ஆற்காடு ரெண்டாச்சு, 2019ல வேலூர் மூணாச்சு. இன்னிக்கு ஜவ்வாது மலையே திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துல கிடக்கு. ஒவ்வொரு பிரிவினைக்கும் கோப்பு ஊர் மாறும், மனுஷன் அதே கொல்லையில சாமை விதைச்சுக்கிட்டு இருப்பான்.

அப்படி ஒருத்தர் வாசல் திண்ணையில உக்காந்திருந்தார். எழுபது வயசுக்கு மேல இருக்கும். "என்னா தம்பி, பொட்டி தெறந்துட்டாங்களா?"ன்னு என் லேப்டாப்பைப் பாத்துக் கேட்டார். நான் ஏதோ ரிப்பேர்காரன்னு நெனச்சிட்டார். விசாரிச்சா, அவங்க அப்பா காலத்துல காட்டை ஒட்டின நிலத்துல பயிர் வெச்சதுக்கு ஒரு பி மெமோ குடுத்திருக்காங்க. ஆக்கிரமிப்புன்னு அபராதம் போடுற நோட்டீஸ் அது. வீட்டுல இருந்த நகல் மழையில போயிடுச்சு. இப்ப அதே நோட்டீஸ்தான் அவருக்கு வேணும்.

ஏன்னா 2006ல வந்த வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்னாடியே அந்த நிலத்துல இருந்தேன்னு பழங்குடி ஒருத்தர் காட்டினா, சாகுபடி பண்ற அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரைக்கும் உரிமை கேக்கலாம். ஊர்ப் பெரியவங்க சொல்றதையும் எழுதி வாங்கிச் சாட்சியா வெக்கலாம்னு விதியில இருக்கு. ஆனா சர்க்கார் முத்திரை போட்ட காகிதத்துக்கு இருக்குற மவுசே தனி. "நீ இங்க இருக்கக் கூடாது"ன்னு அடிச்ச முத்திரைதான் "நீ இங்க இருந்தே"ங்கிறதுக்குச் சாட்சி! இதை எவன் கதையா எழுதினாலும் நம்ப மாட்டோம்.

மறுநாள் வேலூர்லேருந்து ஃபிட்டர் அண்ணன் வந்தார். வந்தவர் அரை மணி நேரம் எதையும் தொடலை. தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தார், தண்டவாளத்தை விரலால தடவினார், மோந்து பாத்தார். "யாரு சார் எண்ணெய் ஊத்துனது?" ஊழியர் ஒருத்தர் சுவத்தைப் பாத்தார். நகரலைன்னா எண்ணெய் ஊத்துறதுதானே நம்ம மரபு? ஆனா தண்டவாளத்துல எண்ணெய் விட்டா தூசி வந்து ஒட்டி, களியா கெட்டியாயிடும். சங்கிலிக்குக் கொஞ்சம் கிரீஸ், பேரிங்குக்குக் கொஞ்சம், தண்டவாளத்துக்குத் துணியும் துடைப்பமும், அவ்வளவுதான்னார்.

எண்ணெய் சின்ன விஷயம். டியூப் லெவல் வெச்சுப் பாத்தா நடுத் தண்டவாளம் ஒரு முனையில ரெண்டு நூல் இறங்கியிருக்கு. கான்கிரீட்டுல பதிக்காம டைல்ஸ் மேலயே திருகியிருக்காங்க, பாரத்துல டைல் நொறுங்கிடுச்சு. பாரம்னா எவ்வளவு? நெருக்கி அடுக்கின காகிதம் ஒரு மீட்டர் தட்டுக்கு 40, 50 கிலோ வரும். ஆறு தட்டு, மூணு கட்டம், ரெண்டு பக்கம், மொத்தம் 36 மீட்டர். ஒரு அலமாரியே ஒண்ணரை டன்னுக்கு மேல! ஒரு பக்கம் இறங்கினா சக்கரம் கோணிக்கிட்டு தண்டவாளத்தைக் கடிக்குது. அந்த நேரத்துல ரெண்டு பேர் பிடியில தொங்கியிருக்காங்க. உள்ளே பல்சக்கரத்தைப் பிடிச்சிருந்த சின்னச் சாவி அறுந்து போச்சு. அதுக்கப்புறம் பிடி மட்டும் சுத்தும், அலமாரி அசையாது. (நம்ம ஆளுங்க எழுதின சில மென்பொருள் ஞாபகத்துக்கு வந்துச்சு. பேர் சொல்ல மாட்டேன் :-))

கை எட்டுற பக்கத்துல மேல் தட்டுலேருந்து இறக்கச் சொன்னார். கீழேருந்து இறக்கினா தலை கனத்துச் சாஞ்சிடுமாம். நானும் கட்டுகளைச் சுமந்தேன், தும்மல்லயே பாதி நாள் போச்சு. அப்புறம் ஜாக்கி வெச்சு அலமாரியை விரல்கடை தூக்கி, தண்டவாளத்துக்கு அடியில இரும்புத் தகடு சொருகி மட்டம் பாத்தார். புதுச் சாவி போட்டு, சங்கிலித் தொய்வை இழுத்துக் கட்டினார். "பிடியைத் தொடாதீங்க, கீழ சட்டத்துல கை வெச்சு மெதுவா"ன்னார். நாலு பேர் தள்ளினோம். 'கிறீச்'னு ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லாம நகர்ந்துச்சு. டைலை உடைச்சு கான்கிரீட் போடாட்டி இது ரெண்டு வருஷம்தான்னு எழுதியே குடுத்துட்டுப் போனார். போடுவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

அன்னிக்கு ராத்திரி வானம் அவ்வளவு சுத்தம். இதே மலையில காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லேருந்து வானத்தைப் பாக்குது. அதோட கூரையும் வட்டமான தண்டவாளத்துல சுத்துறதுதான். அந்தத் தண்டவாளத்தை நிச்சயம் யாராவது துடைப்பாங்க.

உள்பக்கம் கரையான் இல்ல, வெறும் இராமபாணம்தான். மூணாம் நாள் மத்தியானம் 1970கள் கட்டுல அந்த மெமோ கிடைச்சது. ஓரம் அரிச்சிருந்தது, அவங்க அப்பா பேரும் சர்வே எண்ணும் தெளிவா இருந்துச்சு. ஸ்கேன் பண்ண முதல் காகிதம் அதுதான். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. "எங்கப்பா பேரு எங்க இருக்குது?"ன்னு கேட்டார். காட்டினேன். அதுமேல விரலை வெச்சுக்கிட்டே, "அபராதம் எவ்ளோ போட்டிருக்கான்?"ன்னார். மூணு ரூபான்னு படிச்சேன். "கட்டிட்டோம் தம்பி, அப்பவே கட்டிட்டோம்"னு சொல்லிட்டு, முத்திரை போட்ட நகலை வேட்டி மடிப்புல வெச்சுக்கிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிட்டார்.

டிஸ்கி: உங்க ஆபீஸ்ல காம்பாக்டர் இருந்தா, கனமான பதிவேடெல்லாம் கீழ் தட்டுல, ரெண்டு பக்கமும் சமமா அடுக்கச் சொல்லுங்க. தேங்காயெண்ணெய் பாட்டிலை ஒளிச்சு வெச்சிடுங்க.