மூன்றாம் பிளக்

சுங்கை ஆயர் தாவாரில், செம்பனை மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட பட்டறை அது. நான் போனபோது பழைய டட்சன் 1200 பிக்கப் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. சொந்தக்காரருக்குச் சிறு தோட்டம். செம்பனைக் குலைகளை ஏற்றி, அவற்றை வாங்கும் ரேம்ப்புக்குக் கொண்டுபோவதுதான் வண்டியின் வேலை. மண்சாலையில் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து பழகிய வண்டி. ஒரு வாரமாகக் காலையில் கிளப்பினால் இருமுகிறதாம். பாரம் ஏற்றினால் துள்ளுகிறதாம்.

இங்கே இன்றைய பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல். அவற்றில் காற்றை அழுத்தும்போது எழும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். தீப்பொறி பிளக்குக்கு வேலையில்லை. அதனால் பிளக்கைப் பார்த்தே எஞ்சினின் நோவைச் சொல்லும் ஆட்கள் குறைந்துவருகிறார்கள். அந்தப் பட்டறை அண்ணனைப் பார்க்கப் போனதே அவர் அப்படிப்பட்டவர் என்பதால்தான்.

எஞ்சின் நன்றாக ஆறும்வரை அவர் பிளக் சாவியைத் தொடவில்லை. மேல்மூடி அலுமினியம், சூட்டில் திருகினால் மரை பிய்ந்துவிடும். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணைக் காற்றடித்து ஊதினார். நான்கையும் கழற்றி, ஒரு அட்டையில் வரிசை மாறாமல் வைத்தார்.

"இதப் பாருங்க தம்பி."

மூன்று பிளக்குகளில் காய்ந்த கரி, விரலில் மைபோல் ஒட்டியது. மூன்றாம் பிளக் மட்டும் எண்ணெயில் நனைந்து பளபளத்தது. பீங்கானைத் துடைத்து அதிலிருந்த எண்ணைக் காட்டினார்: 6.

"நம்பர் பெருசா இருந்தா பவர் கூடும்னு யாரோ சொல்லியிருக்காங்க. இந்த வண்டிக்கு அஞ்சு போதும்."

அந்த எண் பவரைக் குறிப்பதல்ல. பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக எஞ்சினுக்குக் கடத்திவிடுகிறது என்பதன் கணக்கு. என்ஜிகே தயாரிப்பில் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்த வகை, பாஷ் தயாரிப்பில் நேர்மாறு. பெயர் மாற்றி வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரியைத் தொட்டால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஊர்ந்தே போகிற வண்டியில் குளிர்ந்த பிளக்கைப் போட்டால் அந்தச் சூடு வருவதே இல்லை. அதற்காக அளவுக்கு மீறிச் சூடான பிளக்கைப் போட்டாலும் ஆபத்து. பொறி விழுமுன்பே பெட்ரோல் பற்றி பிஸ்டனைத் தின்றுவிடும்.

புதிய நான்கிலும் 0.8 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்து இடைவெளி பார்த்தார். பிறகு செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பழைய பெட்ரோல் ரப்பர் குழாய்த் துண்டைப் பிளக்கின் தலையில் மாட்டி, அதைக் கொண்டே திருகினார். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுற்றுமாம். இரும்புச் சாவிக்கு அந்த அறிவு கிடையாது. வாஷர் தொட்ட பிறகுதான் சாவியைப் போட்டு இன்னும் அரைச் சுற்று இறுக்கினார்.

"மூணாவதுக்குப் புது பிளக் மருந்தில்ல, ஐயா. வால்வு சீல்ல எண்ணெய் இறங்குது. இல்லேன்னா ரிங்கா இருக்கும். ஒரு மாசம் ஓட்டுங்க, திரும்பக் கழட்டிப் பார்ப்போம்" என்றார் சொந்தக்காரரிடம்.

நான்கு பிளக்கை விற்றுக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவர் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது. நனைந்திருந்த பழைய பிளக்கைத் துடைக்காமல் காகிதத்தில் சுற்றி, வண்டி நம்பரை எழுதி அலமாரியில் வைத்தார், அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க.